ஒரு பிள்ளைதான், டீச்சர்

ஐந்து மணிக்கு உள்ளே போகிற பிள்ளைகள் ஆறரைக்குத்தான் வெளியே வருவார்கள். அதுவரை நான் ஜெபராணி டீச்சர் வீட்டு வாசலில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம், இருபது நிமிஷ நடைதான், ஆனால் போனால் கனி இல்லாத வீடு, அவள் பாய் சுருட்டியபடி சுவரில் சாய்ந்து நிற்கும், அதைப் பார்க்கிறதுக்கு இந்த வாளியே மேல். ஈஸ்வரி உள்ளே இருக்கிறாள். என் மகள். கார்த்தீஸ்வரி என்று பள்ளிக்கூடத்துப் பேர். ஜன்னல் வழியாக டீச்சர் சத்தம் வருகிறது, என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியாது, எட்டாவதோடு நின்றவள் நான், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஏதோ நடக்கிறது, கொடுத்த காசு வீண் போகவில்லை என்று இருக்கும். யார் கொடுத்த காசு? அதைத்தான் நினைக்கக் கூடாது என்று தினமும் இந்த வாளியில் உட்காருகிறேன், உட்கார்ந்ததும் அதைத்தான் நினைக்கிறேன். கையை முகர்ந்து பார்த்தால் வெல்லப்பாகு வாசம். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு பக்கம்தான் எனக்கு வேலை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. ஈஸ்வரிக்கு அந்த வாசமே பிடிக்காது. கனி மட்டும் என் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, இன்னைக்குப் பாகு கொஞ்சம் முத்திப்போச்சு போல பெரியம்மா என்பாள். சரியாகத்தான் சொல்வாள். அன்றைக்கும் அவள் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் சரி என்று சொன்னேன். அந்த ஒரு சரி. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டிருக்கலாம். ஒப்புக்காவது, இல்லட்டி நீ போ என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

கனி என் தங்கச்சி வேலம்மாளின் மகள். வேலம்மாள் மஞ்சள்காமாலையில் போனபோது கனிக்கு மூணு வயசு, ஈஸ்வரிக்கும் மூணு வயசு, ரெண்டு பேருக்கும் நாற்பது நாள்தான் வித்தியாசம். கனியின் அப்பா மறு வருஷமே சாத்தூரில் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு பொங்கலுக்கு ஒரு கவுன் கொடுத்துவிட்டான், அதற்கப்புறம் அதுவும் இல்லை. என் வீட்டுக்காரர் கேரளத்தில் ஓட்டல் வேலை, பணம் அனுப்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான்தான் ரெண்டையும் வளர்த்தேன். ஒரே துணியில் ரெண்டு சட்டை தைத்துப் போட்டேன், இரட்டைப் பிள்ளைகளா என்று பஸ்ஸில் கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன், அப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். பெருமைக்கு என்ன செலவு. செலவு என்று வந்தபோதுதான் தெரிந்தது, ரெண்டு பிள்ளைகளும் எனக்குள் ஒரே இடத்தில் இல்லை என்று. ஒரு முட்டை இருந்தால் பாதிப் பாதியாக அறுத்துத்தான் வைத்தேன், சத்தியமாக. ஆனால் மஞ்சள்கரு எந்தப் பாதியில் கூட இருக்கிறது என்று கை பார்த்துக்கொண்டேதான் வைத்தது. கைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கனி அதைப் பார்த்திருப்பாள். பார்க்காத மாதிரி சாப்பிட்டிருப்பாள். எல்லாவற்றையும் பார்க்கிற கண்ணு அவளுக்கு.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் ஜூன் மாசமே கணக்கு டீச்சருக்கு மாறுதல் வந்துவிட்டது. புதுசா வருவாங்க, வருவாங்க என்றார்கள். ஆடி போய் ஆவணி போய் யாரும் வரவில்லை, கணக்குப் பீரியடில் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டார்கள். காலாண்டுப் பரீட்சையில் ஈஸ்வரி பத்தொன்பது. கனி முப்பத்தொன்று. ரெண்டு பேரும் பெயில்தான், ஆனால் பத்தொன்பதும் முப்பத்தொன்றும் ஒன்றில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் புத்தகத்தை மட்டும் பார்த்து முப்பத்தொன்று எடுக்கிறது என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்காமலா இருந்தது? அந்தப் பேப்பரில் பெற்றோர் கையெழுத்துப் போடும்போது எனக்கு ஒரு பொறாமை வந்தது. பதினாலு வருஷம் சோறு போட்ட பிள்ளை மேல் பொறாமை. உடனே வெட்கமும் வந்தது. ரெண்டும் சேர்ந்துதான் வந்தன, எது முதலில் என்று இப்போது பிரிக்க முடியவில்லை. டியூஷன் வைக்காவிட்டால் பிள்ளைகள் தேறாது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் வேலை முடிந்து அந்தப் பாகுச் சேலையோடேயே தேடிக்கொண்டு அலைந்தேன். மெயின் ரோட்டில் ஒரு பெரிய சென்டர், வாசலில் பிள்ளைகள் போட்டோவாக ஒட்டியிருந்தது, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றேன், உள்ளே ஒரு பெண் ஒரு தாளைக் கொடுத்து வருஷம் முழுதுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னாள். என் வீட்டுக் கூரைக்கே அவ்வளவு ஆகவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு யோசிச்சுச் சொல்றேம்மா என்று வந்துவிட்டேன். அப்புறம் பலசரக்குக் கடை மாடியில் ஒரு இன்ஜினியரிங் படித்த பையன் நடத்தினான், ரெண்டு பேரையும் அங்கே சேர்த்தேன், பதினைந்து நாளில் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான், பாவம் அவனும் பிழைக்க வேண்டாமா. எங்கள் சங்கத்தில் படிப்பு உதவி கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனேன். எண்பதுக்கு மேல் மார்க் இருந்தால் கொடுப்போம் என்றார்கள். எண்பது எடுக்கிற பிள்ளைக்கு எதுக்குய்யா டியூஷன் என்று நாக்கு நுனி வரை வந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஜெபராணி டீச்சரை எங்கள் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற அக்கா ஒருத்திதான் சொன்னாள். பகலில் தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை, சாயங்காலம் வீட்டு ஹாலில் பத்துப் பிள்ளைகள், மாசம் ஆயிரத்து ஐந்நூறு, அதட்டாமல் சொல்லிக் கொடுப்பார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அவர் திரும்புகிற நேரம் பார்த்து வந்து நின்றேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னேன், டீச்சர் வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருக்காம் என்று. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னேன், முகத்தைத் தூக்கவில்லை. பிறகு கனி சொன்னாள்.

"ஈஸ்வரி போகட்டும் பெரியம்மா. அவ வந்து எனக்குச் சொல்லிக் குடுப்பா."

நான் சரி என்றேன். மூச்சு விடாமல், முறத்தை நிறுத்தாமல், சரி.

ஒரே ஒரு இடம்தான் என்று டீச்சர் சொன்னாரா? நாலு மாசமாக இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு தடுக்கிவிடுகிறது, தடுக்கினதும் வேறு பக்கம் பார்ப்பேன், எதிர்வீட்டுக் கொடியில் எத்தனை துணி, கதவோரம் எத்தனை ஜோடிச் செருப்பு. இன்றைக்கும் செருப்பைத்தான் பார்க்கிறேன். ஆனால் இந்த வாளிக்கும் எனக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள் பொய் சொல்ல. டீச்சர் அப்படிச் சொல்லவே இல்லை. வாசலில் நின்று கையில் பைபிளோடு, எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு என்று கேட்டார், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். ஒரு பிள்ளைதான் டீச்சர் என்றேன். அவ்வளவுதான். ரெண்டு பிள்ளைகள் என்றால் ரெண்டு பீஸ், ரெண்டு பீஸ் என்னால் முடியாது, முடியாது என்று சொன்னால் ஒருவேளை அவர் குறைத்திருப்பார், ஒருவேளை ரெண்டையும் கூட்டிட்டு வாங்க, எது கணக்கு நல்லாப் போடுதுன்னு பாக்கலாம் என்று சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லிவிட்டால்? பார்த்தால் எது நல்லாப் போடும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் வாய் சொல்லிவிட்டது. இல்லை, வாய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். வேலம்மாள் சாகிறதுக்கு முந்தின நாள் மஞ்சள் கண்ணோடு என்னைப் பார்த்து, அக்கா, அவள ஒண்ணும் நீ பிரமாதமா வளக்க வேண்டாம், உன் பிள்ள கூடச் சேத்துக்க, போதும் என்றாள். உன் பிள்ள கூடச் சேத்துக்க. பெரிசாக எதுவும் கேட்கவில்லை அவள். அந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

ஈஸ்வரி தினமும் வந்து கனிக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். ரெண்டும் ஒரே நோட்டுக்கு மேல் குனிந்திருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், அந்தக் காட்சியை வைத்து நான் மனசைத் தேற்றிக்கொள்வேன், ஒரு பீஸில் ரெண்டு பிள்ளையும் படிக்குது பார் என்று. தீபாவளி போனஸ் தீர்ந்தது. கார்த்திகையோடு ரெண்டு மாசப் பீஸ் கொடுக்க முடியவில்லை. டீச்சர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை, ரெண்டு மாசம் ஆச்சே, பாத்துக் குடுங்க என்றுதான் ஈஸ்வரியிடம் சொல்லிவிட்டார், ஈஸ்வரி அழுதுகொண்டு வந்தாள், இனி அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். மறுநாள் கனி எங்கள் தெருப் பேச்சியம்மாளோடு வந்து நின்றாள். பேச்சியம்மாள் மகள் திண்டுக்கல் தாண்டி ஒரு நூல் மில்லில் இருக்கிறாள், ஹாஸ்டலில் தங்கி வேலை. மூணு மாசம் போய்ட்டு வரேன் பெரியம்மா, ஈஸ்வரி பரிட்சை எழுதட்டும், நான் லீவு சொல்லிட்டு வந்து எழுதிக்குவேன் என்றாள். போகாதே என்று நான் சொல்லவில்லையா? சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை சொல்லியிருந்தால் நின்றிருப்பாள், அதனால் சொல்லவில்லை. மில் பாரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. உறவுமுறை என்று ஒரு கட்டம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுடைய எல்லாப் பாரத்திலும் அந்தக் கட்டத்தில் பெரியம்மா என்றுதான் எழுதியிருக்கிறேன், ஒரு பொய்யான உரிமை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போதெல்லாம் ஒரு நியாயம் பேசுவேன். பெற்ற தாய் கையெழுத்து என்றால் சீக்கிரம் எடுத்துப்பாங்க என்று பேச்சியம்மாள் சொன்னாள். நான் தாய் என்று எழுதினேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, அதுவும் அவளை அனுப்புகிற தாளில். கனி பக்கத்தில் நின்று அதைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாளே, அது சந்தோஷம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கேலியாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பொங்கலுக்கு அவள் வரவில்லை. லீவு நாளில் வேலை செய்தால் கூடத் தருவார்களாம். ரெண்டு மாசச் சம்பளத்தை முன்பணமாக வாங்கி அனுப்பினாள், டீச்சருக்குப் பங்குனி வரை மொத்தமாகக் கொடுத்துவிட்டேன், மீதியில் ஈஸ்வரிக்குக் கைடு வாங்கினேன்.

கதவு திறக்கிற சத்தம். பிள்ளைகள் இல்லை, டீச்சர்தான், கையெல்லாம் சாக்பீஸ் பொடி. எழுந்து நின்றேன். உக்காருங்க ஈஸ்வரி அம்மா என்றார், உட்காரவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு அவர் கையில் வைத்திருந்த நோட்டைப் பிரித்துக் காட்டினார், ஈஸ்வரியின் வீட்டுப்பாட நோட்டு. அக்டோபர், நவம்பர் பக்கங்களில் கணக்கெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கு, நான் சொல்லிக் கொடுக்காத வழியில்கூட ரெண்டு மூணு கணக்கு போட்டிருக்கு, ஆனா இங்க டெஸ்ட் வெச்சா ஈஸ்வரிக்கு வர மாட்டேங்குது, டிசம்பருக்கு அப்புறம் வீட்டுப்பாடமே வரலை. இது யார் கையெழுத்துன்னு இன்னைக்குக் கேட்டேன், அழுதுட்டா, எல்லாத்தையும் சொன்னா என்றார். நான் நோட்டைப் பார்த்தேன். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும், ரேஷன் கார்டு மனு, கரண்ட் ஆபீசுக்கு எழுதின மனு, எல்லாம் அந்தக் கையெழுத்துதான். ஈஸ்வரி கனிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கனிதான், வகுப்பைப் பார்க்காமல், பலகையைப் பார்க்காமல், ஈஸ்வரி கிறுக்கிக்கொண்டு வந்ததை வைத்து, ஈஸ்வரிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் பார்த்துப் பார்த்துத் தேற்றிக்கொண்ட காட்சி அதேதான், தலைகீழாக.

டீச்சருக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நீங்க ஒரு பிள்ளைன்னுதானே சொன்னீங்க. ரெண்டுன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன், அவிழ்த்தேன், சுற்றினேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், அந்தப் பிள்ளைய வரச்சொல்லுங்க, பீஸ் ஒண்ணும் வேண்டாம், இன்னும் ஒண்ணரை மாசம் இருக்கு, அவளுக்கு அது போதும் என்று. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தவில்லை, பாதி திறந்தே கிடந்தது.

ஐந்தே முக்கால். மில்லில் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் வார்டன் போனில் பேச விடுகிற நேரம் ஐந்தரையிலிருந்து ஆறு. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் என்ன சொல்ல? வா என்று சொல்ல வேண்டியதுதான். அந்த முன்பணத்தை எப்படித் திருப்புவது, டீச்சரிடம் கொடுத்ததைக் கேட்கலாம், கேட்டால் ஈஸ்வரி நிற்க வேண்டும், நிற்கட்டுமே, நிற்கட்டும் என்று நினைக்கும்போதே மனசு வேறு வழி தேடுகிறது. இப்பவுமா? இத்தனைக்கு அப்புறமுமா? கம்பெனி முதலாளியிடம் கேட்போம், காலில் விழுந்தாவது கேட்போம் என்று பட்டனை அழுத்திவிட்டேன். வார்டன் எடுத்தாள். தாய் பேசுறேன் என்றேன். கூப்பிடப் போனாள். தூரத்தில் மில் இரைச்சல், தகரக் கூரையில் மழை நிற்காமல் பெய்கிற மாதிரி. பிறகு கனி.

பயந்துவிட்டாள் பாவம், யாருக்கு என்ன, பெரியப்பாவுக்கு ஒண்ணுமில்லையே என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி, டீச்சர் சொன்னதைச் சொன்னேன். நீ வந்துரு, பணத்துக்கு நான் பாத்துக்கிடுதேன், பீஸ் வேண்டாம்கிறாங்க என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அப்புறம் அவள் நிதானமாகச் சொன்னாள், இந்த வருஷம் முடியாது பெரியம்மா, பரிட்சைக்குப் பேர் பட்டியல் போயிருச்சு, என் பேர் அதுல இல்ல. ரொம்ப நாள் லீவு தரமாட்டோம், வரலைன்னா நின்னுக்கிறேன்னு எழுதிக் குடுன்னு எச்.எம். கேட்டாங்க, கிளம்புற அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன், அடுத்த வருஷம் தனியா எழுதலாம்னாங்க.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா நீங்க போக விட்டிருக்க மாட்டீங்கல்ல பெரியம்மா."

விட்டிருப்பேன். அப்போதும் விட்டிருப்பேன் கனி, தொண்டை வரை வந்தது, விழுங்கினேன். அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் விட்டிருக்க மாட்டேன் என்று அந்த இரைச்சலுக்கு நடுவில் நின்று நம்பிக்கொண்டிருக்கிறாள், அதையும் எடுத்துவிட்டால் அவளிடம் என்ன இருக்கும். அழாதீங்க என்றாள். அழவில்லை என்றேன். புத்தகம் கொண்டுபோனியே, பாக்கிறியா என்று கேட்டேன். முதல் வாரம் பார்த்தேன், இப்ப படுத்தாக் கண்ணு மூடிருது என்றாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட ஓடுகிற ஓட்டம், ஒரு ஷிப்டுக்குப் பத்து மைல் நடப்போமாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர் இப்ப எந்தப் பாடம் நடத்துறாங்க?"

எனக்கென்ன தெரியும். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். பச்சைப் பலகை, அதில் வெள்ளை வெள்ளையாக. ஏதோ எழுதியிருக்கு கனி, எனக்குத் தெரியலயே என்றேன். இருக்கிறதச் சொல்லுங்க பெரியம்மா என்றாள். சொன்னேன். தூண்டில் முள்ளு மாதிரி நீளமா ஒண்ணு, மேலயும் கீழயும் வளைஞ்சு. கீழ பூஜ்ஜியம். மேல மூணு. பக்கத்தில பெருக்கல் குறி மாதிரி ஒரு எழுத்து, அது தலையில சின்னதா ரெண்டு. அப்புறம் டி, திரும்ப அந்தப் பெருக்கல் குறி. உள்ளே பத்துப் பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், ஈஸ்வரி பேனாவைக் கடித்துக்கொண்டு பலகையையே பார்த்தாள், முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஒன்பது" என்றாள் கனி.

கொஞ்சம் கழித்து உள்ளே ஒரு பிள்ளை எழுந்து ஏதோ சொல்ல, டீச்சர் பலகையில் ஒன்பது என்று எழுதினார். ஒன்பதுதான்ட்டி, ஒன்பதுதான் போட்டிருக்காங்க என்று நான் சொன்னபோது அவள் சிரித்தது கேட்டது, சின்னப் பிள்ளையில் சிரிக்கிற சிரிப்பு. அடுத்து என்ன பெரியம்மா என்றாள். டீச்சர் அழித்துவிட்டு வேறு கணக்கு எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே திரும்பினவர் ஜன்னலில் என்னைப் பார்த்தார், காதில் போன் இருப்பதைப் பார்த்தார். பலகையை மறைக்காமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அதே தூண்டில் முள்ளு, கீழ ஒண்ணு, மேல நாலு, ஒரு கோடு, கோட்டுக்கு மேல ஒண்ணு, கோட்டுக்குக் கீழ அந்தப் பெருக்கல் குறி. கனி ஒன்றும் சொல்லவில்லை. போடுகிறாள் என்று நினைத்துப் பொறுத்தேன். இரைச்சல்கூட இல்லை என்று கவனித்தது அப்புறம்தான். ஆறு மணி ஆகியிருந்தது, வார்டன் போனை வைத்திருப்பாள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, டீச்சர் எனக்காகத் தள்ளியே நின்றிருந்தார், அடுத்த கணக்கையும் முதலிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.